ஐந்து நிமிடம் வாய் திறக்காமல்

பேச்சுப் பயிற்சி அறையில், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார் பஸ் கண்டக்டர். பக்கத்தில், இன்னும் பேச்சு வராத அவருடைய ஆறு வயது மகள் பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில், அவள் இங்கே பழகிவரும், படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லைப் பேசும் டேப்லெட்டின் திரையில் பட்டு அவள் கன்னத்தில் ஆடுகிறது. "இதக் கையில குடுத்துட்டா எம்பொண்ணு வாயே திறக்க மாட்டா மேடம்" என்று சற்றுமுன் அடித்துச் சொன்னவர் அவர். "அப்போ அஞ்சு நிமிஷம் வாய் திறக்காம நீங்களே இதுல பேசிப் பாருங்க சார்" என்றுவிட்டார் பயிற்சியாளர். காலையிலிருந்து கத்திய தொண்டை வறண்டு கிடக்கிறது. தண்ணீர் கேட்க வேண்டும். திரை நிறையப் படங்கள்: நாய், செருப்பு, ஊஞ்சல். தண்ணீரை மட்டும் காணோம். தடித்த விரல் எதையோ தொட, "குளிக்கணும்" என்கிறது கருவி. பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். கண்டக்டருக்குக் காது சிவக்கிறது. கேட்க வேண்டியது தொண்டை வரை வந்து நிற்கிறது, வெளியே விட வழியில்லை. மகள் பந்தை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்க்கிறாள். பிறகு அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, திரையின் மூலையில் நீட்டிய கைபோல இருக்கும் படத்தில் வைத்து அழுத்துகிறாள். "உதவி வேணும்" என்கிறது கருவி. "அஞ்சு நிமிஷம் ஆச்சு சார், இனி பேசலாம்" என்கிறார் பயிற்சியாளர். கண்டக்டர் விரலை அவள் பிடியிலேயே விட்டுவிட்டு, தண்ணீர்ப் படம் எங்கே என்று மகளைப் பார்க்கிறார்.