மறதிக்கார மனிசன்

காலைக் கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் சுஹைறாவின் போன் அடித்தது. பழைய போன். காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரைப் போட வேண்டும். அதனால் வார்டே கேட்டது.

"புள்ள, மஞ்சள் தூள எங்க வெச்சிரிக்காய்?"

"மேத்தட்டில மச்சான். ஜாம் போத்தலுக்குள்ள."

"போத்தல் நாலு இரிக்கே!"

"சிவப்பு மூடி. மெல்ல எடுங்க, மூடி இறுக்கமில்ல."

பக்கத்துக் கட்டிலில் இருந்த சகாயம்மா முகத்தைச் சுளித்தாள்.

சகாயம்மா கல்முனை, சுஹைறா நிந்தவூர். ஊரில் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. கிட்னி வருத்தம்தான் இருவரையும் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தது. சுஹைறா வந்து ஒரு மாதம். சகாயம்மா வந்து பத்து நாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிப் போவார்கள். திரும்பி வந்தால் சுஹைறா பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பாள். அப்போதும் போன் அடிக்கும்.

"சோத்துக்கு எவ்வளவு தண்ணி விடுற?"

"சின்னவள்ட சொக்ஸ் ஒண்டைக் காணல்ல."

"தேங்காய்ப் பால் ஏன் திரைஞ்சி போகுது?"

சுஹைறா மெல்ல எழும்பி, முதுகுக்குத் தலையணையை வைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். சில நேரம் ஏசுவாள். சகாயம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தங்கச்சி, உன்ட மனிசனுக்கு இரக்கமே இல்லையா? வருத்தக்காரிய இப்பிடிப் போட்டு வதைக்கிறார்!"

"என்ன செய்யிற அக்கா, நான் இல்லாட்டி அவருக்கு ஒண்டும் ஓடாது."

"பத்து நாளாப் பாக்கிறன், ஒருக்கா வந்து எட்டிப் பாக்கவும் இல்லயே."

"வயல் வெட்டு நேரம் அக்கா. புள்ளைகளையும் பாக்கணும். ஞாயித்துக்கிழமை வாறாராம்."

"வரட்டும். நான் நல்லாக் கேக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை பகல், பார்வையாளர் நேரத்துக்கு சுஹைறாவின் புருஷன் ஜவுபர் வந்தான். வெயிலில் கறுத்த மெலிந்த மனிதன். ஆறு மணித்தியாலம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். சோறும் பாரை மீன் ஆணமும்.

"டொக்டர் சொன்ன அளவுதான் உப்புப் போட்டது" என்றான். "தங்கச்சி நதீரா சமைச்சது."

"அதானே பாத்தன்" என்று சிரித்தாள் சுஹைறா. "உங்களுக்கு முட்டை அவிக்கவும் தெரியாதே."

சகாயம்மாவுக்கும் ஒரு பங்கு வந்தது. வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். வாசம் விடவில்லை. ஒரு வாய் வைத்தாள். உப்புக் குறைந்த சாப்பாடு இப்படியும் இருக்குமா? கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டாள்.

ஜவுபர் பாத்திரம் கழுவ வெளியே போனான். இதுதான் நேரம் என்று சகாயம்மாவும் பின்னால் போனாள்.

"தம்பி, உங்கட தங்கச்சிக்கு நல்ல கைப்பக்குவம். ஆனா உங்களோட ஒரு கதை கதைக்கணும்."

ஜவுபர் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அது நான் சமைச்சது அக்கா. அவவுக்குச் சொல்லிப் போடாதீங்க."

சகாயம்மா ஒரு அடி கிட்ட வந்தாள்.

"நீங்களா? அப்ப அந்தப் புள்ள சுத்தம் பண்ணிப்போட்டு வந்து கிடக்கக்குள்ளயும் போன் எடுத்து, அது எங்க இது எங்க எண்டு கேக்கிறது?"

ஜவுபர் பைப்பைப் பூட்டினான்.

"முதல் கிழமை மெய்யாவே தெரியா அக்கா. சோறு அடிப்பிடிச்சி, புள்ளைகள் பாண் திண்டுபோட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனதுகள். அவக்கிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினன். பழகினதும் சந்தோஷத்தில சொன்னன், 'புள்ள, நீ ஒண்டுக்கும் யோசிக்காத, இஞ்ச எல்லாம் சரியா நடக்குது' எண்டு."

"நல்லதுதானே சொன்னீங்க?"

"அண்டைக்கு அவ சாப்பிடல்ல. மற்ற நாள் இரத்தம் சுத்தம் பண்ணக் கூப்பிட வந்தவங்களிட்ட, போகமாட்டன் எண்டுட்டா. எனக்கு போன் எடுத்து, 'மச்சான், நான் இல்லாட்டியும் வீடு நடக்குதுதானே, பிறகு என்னத்துக்கு எனக்கு இந்தப் பாடு?' எண்டு கேட்டா."

கையில் இருந்த மூடியை அவன் திருப்பித் திருப்பித் துடைத்தான்.

"எனக்குக் கை கால் ஓடல்ல அக்கா. என்ன சொல்றதெண்டும் தெரியல்ல. 'அதெல்லாம் கிடக்கட்டும், சீனிப் போத்தல் எங்க?' எண்டு கேட்டுப்போட்டன். அரை மணித்தியாலம் ஏசினா. ஏசி முடிச்சி, 'நான் வந்துதான் இந்த வீட்டைத் திருத்தணும்' எண்டுபோட்டு, எழும்பிச் சுத்தம் பண்ணப் போனா."

சகாயம்மா கழுவிய பெட்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அண்டையில இருந்து நாளுக்கு ஒண்டை மறக்கிறன். ஆனா ஒரு வீட்டில சாமான் எவ்வளவுதான் இரிக்கும்? எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டன். நாளைக்கு என்னத்தை மறக்கிறதெண்டுதான் தெரியல்ல அக்கா."

உள்ளேயிருந்து சுஹைறா கூப்பிட்டாள். "என்ன மச்சான், ரெண்டு ஏனம் கழுவ இவ்வளவு நேரமா?"

சகாயம்மா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"கொத்தமல்லி தம்பி. வறுத்துப்போட்டு இடிக்கிறதா, வறுக்காமலா எண்டு கேளுங்க. அதுக்கு ஒரு மணித்தியாலம் கதைப்பா."