சுவர் நிறையக் கடிகாரம்

"சுவர் முழுக்கக் கடிகாரமா மாட்டி வெச்சிருக்கார். ஒண்ணுலயாவது மணி தெரியுதா பாரு!"

ஜெயராமன் மனைவியின் காதோரம் முணுமுணுத்தார்.

"மெல்லப் பேசுங்க. காபி கலக்கத்தான் உள்ள போயிருக்கார்" என்றாள் ரமா.

ஜெயராமன் சொன்னதில் தப்பில்லை. காக்ஸ் டவுனில் ஸ்ரீகண்டன் வீட்டுக் கூடம் அப்படித்தான் இருந்தது. ஒரு வாணலிக்குள் ஸ்பூனும் ஃபோர்க்கும் முட்களாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் எண்கள் அத்தனையும் உதிர்ந்து அடியில் குவிந்து கிடந்தன. வேறொன்றில் எண்ணே கிடையாது. ஏழு கிழமைகள், ஒரே ஒரு முள். சைக்கிள் சக்கரத்தில் ஒன்று. அலமாரி விளிம்பில் தோசைபோல மடிந்து தொங்கியபடி ஒன்று. இப்படி மொத்தம் பதினொன்று. மனிதர் குடியிருக்கிறாரா, கண்காட்சி நடத்துகிறாரா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

ரமா அதையெல்லாம் ரசிக்கும் நிலையில் இல்லை. மகள் ரக்ஷா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும் ஸ்ரீகண்டனின் மகன் சுதீரும் ஒரே ஆபீஸ், மூன்று வருடப் பழக்கம். பையன் தங்கம். ஜெயராமனுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது, ஜாதகத்தைப் பார்க்கும் வரை. ஜோசியர் அய்யாவு கட்டங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜுவாம், சேர்த்து வைக்கவே கூடாதாம். ஜெயராமன் அன்றைக்கே வேண்டாமென்று முடிவுகட்டிவிட்டார். ஜாதக விஷயத்தில் அவரை அசைக்க அந்த பிரம்மா வந்தாலும் முடியாது.

இதுவரை பேச்செல்லாம் போனில்தான். மறுப்பை மட்டுமாவது நேரில் சொல்வதுதான் மரியாதை என்று, இன்று முதல்முறையாக இந்த வீட்டுப் படியேறியிருக்கிறார்.

ஸ்ரீகண்டன் காபியோடு வந்தார். மனைவி காலமானபின் மகனோடு தனியாக இருப்பவர். காபி நன்றாகவே இருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க..." என்று ஜெயராமன் சட்டைப் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுல தப்பென்ன சார்? அந்த வாணலியப் பாத்தீங்களா? அதுல ஸ்பூன் பெரிய முள்ளு, ஃபோர்க் சின்ன முள்ளு..."

ஸ்ரீகண்டன் நிறுத்தவில்லை. வாணலியிலிருந்து சைக்கிள் சக்கரத்துக்குப் போனார். ரமாவுக்கு எரிச்சலாக வந்தது. வாழ்வா சாவா என்கிற நேரத்தில் இந்த வாணலிப் புராணம் எதற்கு? ஜெயராமன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

"மணி என்னங்க ஆச்சு?" என்றாள் சட்டென்று.

ஜெயராமன் நிமிர்ந்தார். எதிர்ச்சுவரில் பார்க்க லட்சணமாக இருந்தது ஒரே ஒரு கடிகாரம்தான். வெள்ளை வட்டம், கறுப்பு முட்கள்.

"ஒண்ணரை! அடடா, சாப்பாட்டு வேளையே வந்துடுச்சு. கிளம்பு."

"மணி பத்தரைதான் சார்" என்றார் ஸ்ரீகண்டன். "கிட்டப் போய்ப் பாருங்க. அது பின்னால சுத்துற கடிகாரம்."

ஜெயராமன் அருகில் போய்ப் பார்த்தார். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது. முள் வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"சும்மா எதுக்கு சார் இதெல்லாம்? மனுஷன ஏமாத்தவா?"

"ஏமாந்துட்டீங்க, இல்ல? நானும் இப்படித்தான் சார் ஏமாந்தேன்." ஸ்ரீகண்டன் குரல் லேசாக நடுங்கியது. "சுதீர் பொறக்கறதுக்கு முந்தின நாள்தான் என் மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டுவந்து மாட்டிட்டுப் போனான். விடியக்காலைல நர்சிங் ஹோம்லேர்ந்து போன், இப்பத்தான் பையன் பொறந்தான்னு. தூக்கக் கலக்கத்துல நிமிர்ந்து பாத்து ஆறு இருபதுன்னு எழுதிட்டேன். அதுதான் ஜாதகத்துல ஏறிடுச்சு. நிஜத்துல அஞ்சு நாப்பது! நீங்க பொருத்தமில்லேன்னு சொன்ன அன்னிக்கு இதையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. என் சம்சாரம் இருந்திருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பா."

"நர்சிங் ஹோம்ல எழுதி வெச்சிருப்பாங்களே?"

"அந்த இடத்துல இப்ப அபார்ட்மென்ட் நிக்குது சார்."

ஜெயராமன் அந்தக் கடிகாரத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எடுத்து ஜோசியரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"அஞ்சு நாப்பதா? ஆறு மணிக்குத்தானே அன்னிக்கு மிருகசீரிடம் ஆரம்பிக்குது. அப்ப பையன் ரோகிணி! ரஜ்ஜு வேற. பேஷாப் பண்ணலாம்" என்றார் அய்யாவு.

ஜெயராமன் ஜாதகத்தை எடுத்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லவேளை, நேர்ல வந்தோம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாத்துடலாம் சம்பந்தி!"

ரமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயராமன் ஸ்கூட்டரை எடுக்கக் கீழே இறங்கினார். ரமா வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளக் குனிந்தாள். ஸ்ரீகண்டன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தார்.

"எல்லாம் சரியாச் சொன்னேனாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"வாணலியத்தான் கொஞ்சம் இழுத்துட்டீங்கண்ணா" என்றாள் ரமா. "நிச்சயதார்த்தம் முடியற வரைக்கும் ஒண்ணையும் கழட்டிடாதீங்க. அந்தப் பின்னால சுத்துறது மட்டும் தனியாத் தொங்கினா இவருக்குச் சந்தேகம் வரும்னுதான் பதினொண்ணா வாங்கி அனுப்பினேன். முப்பது நாளுக்குள்ள குடுத்தா எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறேன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார்."