மகன் வளர்த்த செடி

"தொட்டியை மாத்தவே வேண்டாம். செடியைத் தொட்டா பட்டுப் போயிடும்" என்று வாத்தியார் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர், ஹாலில் தொட்டியை மறித்துக்கொண்டு அடம்பிடித்தார். அவர் மனைவி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பழைய செய்தித்தாளை விரித்து, புதுத் தொட்டி, மண் மூட்டை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். நர்சரிக்காரரிடம் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆள் உயர மான்ஸ்டெரா. ஒவ்வொரு இலையும் முறம் அகலம், ஓட்டை ஓட்டையாய். ஏழு வருடத்துக்கு முன் விபத்தில் போய்ச் சேர்ந்த ஒரே மகன், ஹாஸ்டல் அறையில் வைத்து வளர்த்த செடி.

அந்த அறையைக் காலி செய்து கொண்டுவந்த சாமான்களில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். தினமும் காலையில் அவள் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். பெற்றவளுக்கு வேறென்ன மிச்சம்?

நர்சரிக்காரர் தொட்டியைச் சாய்த்துச் செடியை மெல்ல இழுத்தார். மண்ணோடு வெளியே வந்ததைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. வேரைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பை, பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவருடைய நர்சரிப் பேர் போட்ட பைதான். வாத்தியாரின் முகத்தை எங்கே பார்த்தோம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சார், இது போன வருஷம் நீங்க என்கிட்ட வாங்கினதுதானே?"

வாத்தியாருக்கு முகம் வெளிறிப்போனது. அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மகனுடைய செடி, வந்த இரண்டாம் வருடமே பட்டுப் போய்விட்டது. நல்லவேளை, அந்த வாரம் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அதே உயரத்தில் ஒன்றை வாங்கிவந்து வைத்துவிட்டார். அதுவும் ஒன்றரை வருடம்தான் தாங்கியது. இது நாலாவது. எப்படியோ, செடி வாடும் நேரமாகப் பார்த்து அவள் அக்காவுக்கும் உடம்புக்கு முடியாமல் போய்விடும், மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துக்கொண்டிருந்தார்.

"அவன் செடியும் போயிடுச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், சொல்லிடாதீங்க."

பையை ஏன் பிரிக்கவில்லை என்று நர்சரிக்காரர் மெதுவாகக் கேட்டார். வேர் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் பையோடேதான் புதைப்பாராம். வாங்கிவந்ததெல்லாம் வேர் ஓட இடமில்லாமல்தான் செத்திருக்கிறது. அதை அந்த மனிதரிடம் சொல்ல நர்சரிக்காரருக்கு மனசு வரவில்லை.

அடுப்படியிலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. நர்சரிக்காரர் தோள்துண்டை எடுத்துச் சட்டென்று வேரின்மேல் போட்டார். வந்தவள் கணவரிடம், கொல்லைக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்துவரச் சொன்னாள். முழங்கால் வலியோடு தாங்கித் தாங்கி நடந்தவர், திரும்பித் திரும்பிக் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு போனார்.

"வேர் நல்லா இருக்கும்மா, பழைய செடி இல்லையா..." என்று நர்சரிக்காரர் தடுமாறினார்.

அவள் குனிந்து துண்டை எடுத்து ஓரமாக வைத்தாள். கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பையை முழுசா வெட்டி எடுத்துடுங்க தம்பி. இதாவது பொழைக்கட்டும். அந்தக் காலை வச்சுக்கிட்டு அவரால இனிமே தூக்கிட்டு வர முடியாது."

நர்சரிக்காரர் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். கொல்லையில் வாளி நிறையும் சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செடி வாடறப்பல்லாம் அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு, இன்னும் எத்தனை தடவைதான் நான் ஊருக்குக் கிளம்பறது?"