சமையலறைக்குப் பின்னால்

ரெசிஃபே நகரத்து வீட்டில், அன்செல்மோ தம் பத்தடிப் போவா பாம்புக்குப் புதுக் கூண்டு செய்யத் தச்சரை அழைத்திருந்தார்.

"நீளம் பத்தடி, அகலம் அஞ்சடி. ரெண்டு ஜன்னல் வையி. எங்க கூரைக்குக் கீழ எந்த உயிரும் சுருண்டு கெடந்ததில்ல."

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா. சமையலறைக்குப் பின்னால பழைய கூண்டை வெளியிலேருந்து அளந்தேன். ஆறடிக்கு நாலடி. ஒரு ஜன்னல்கூட இல்ல. எத்தனை வருஷமா அடைச்சு வச்சிருக்கீங்க?"

காபி கொண்டுவந்த வேலைக்காரி ஜுரேமா சொன்னாள்:

"இருபத்திரண்டு வருஷம் தம்பி. அது பாம்புக்கு இல்ல, என்னோட ரூம். நான் அஞ்சடிதானே, காலை நீட்டிக்கலாம்."

அன்செல்மோ காபியை வாங்கவில்லை.

"அந்த ரெண்டு ஜன்னலையும் முதல்ல அங்க வையிப்பா," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.