வெள்ளை விரிப்புகள்

உடல்நலம் எல்லோருடைய உரிமை என்ற உலக ஒப்பந்தத்தில் நாடு கையெழுத்திட்டிருந்தது. அதைச் சரிபார்க்கும் குழு வருவதால், மருத்துவமனை வார்டின் கட்டில்களில் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்புகள் கிடந்தன. மூச்சிரைக்கும் மகளோடு வந்த செங்கமலத்தை ஆயா துணி அறைக்குள் தள்ளினாள்.

"அவங்க போனதும் கட்டில் தர்றேன்டி. புள்ள சத்தம் கேட்டுச்சு, என் வேலை போச்சு."

கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. செங்கமலம் குழந்தையின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டாள். காலடிகள் நெருங்கி நின்றன.

"நோயாளிகளே இல்லையா?"

"எல்லாரும் குணமாகி வீட்டுக்குப் போயிட்டாங்க சார்," என்றாள் ஆயா.

யாரோ பாராட்டினார்கள். அப்போதுதான் இரைப்புச் சத்தம் நின்றிருப்பது செங்கமலத்துக்குத் தெரிந்தது. கத்த வாய் திறந்தாள். பயத்தில் குரல் எழவில்லை. மகளின் தொடையைக் கிள்ளினாள். இன்னும் பலமாகக் கிள்ளினாள்.

காலடிகள் நகரத் தொடங்கின.

"அழுடி கண்ணு," அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. "அழு."