கேட்காமல் வந்த விண்ணப்பம்

"ஒரே ஒரு வரி போதும். 'விதியை மீறித் திறந்தார்'னு எழுதிக் கொடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றார் மேனேஜர், கம்ப்யூட்டர்களைச் சோதிக்க வந்திருந்தவளிடம்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. காலையில் வந்து பார்த்தால் அத்தனை கம்ப்யூட்டரும் மண்டையைப் போட்டிருந்தன. கோப்புகளுக்கெல்லாம் யாரோ பூட்டுப் போட்டுவிட்டு, திறக்கப் பணம் கேட்டுத் திரையில் மிரட்டியிருந்தார்கள்.

வைரஸ் எந்த வழியாக நுழைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு தடயவியல் நிபுணியை வரவழைத்தார்கள். மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் அக்காவின் கம்ப்யூட்டரில்தான் ஆரம்பம். வேலை விண்ணப்பம் என்ற பெயரில் வந்த மெயில். அக்கா திறந்தாள், கதை முடிந்தது.

விளம்பரம் கொடுக்காமல் தானாக வரும் விண்ணப்பங்களைத் திறக்காமலே அழிக்க வேண்டும் என்பது பழைய விதி. அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

ஏன்க்கா என்று நிபுணி கேட்டதற்கு, "எந்த வீட்டுப் புள்ளையோ, பாவம். வேலை இல்லைன்னு சொல்லவாவது ஒரு ஆள் வேணாமாம்மா?" என்றாள். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அக்காவின் சம்பளத்தில்தான் அவருக்கு மருந்து.

அதெல்லாம் மேனேஜருக்கு எதற்கு? இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படிச் செய்தாள், ஒன்று விடாமல் தோண்டி எடுங்கள், இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று குதித்தார்.

நிபுணி தோண்டினாள். மெயில்கள் வேறோர் இடத்தில் இருந்ததால் பூட்டுக்குத் தப்பியிருந்தன. சாயங்காலம் மடிக்கணினியோடு மேனேஜர் அறைக்கு வந்தாள்.

"நிறைய இருக்கு சார். எல்லாருக்கும் உட்கார்ந்து பதிலும் போட்டிருக்காங்க."

மேனேஜர் சிரித்தார். "பெரிய தர்மப் பிரபு அவ. இதுல ஒருத்தனாவது இந்தக் கம்பெனிக்கு உருப்படியா வந்திருக்கானா, கேளுங்க."

"ஒருத்தர் வந்திருக்கார் சார்."

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். பல வருஷத்துக்கு முந்தைய மெயில். எந்த வேலையானாலும் சரி, ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று தப்பும் தவறுமாக ஒரு விண்ணப்பம். அதன் கீழே அக்காவின் பதில்: திங்கட்கிழமை வாங்க தம்பி, சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வாங்க, பயப்படாதீங்க.

விண்ணப்பத்தில் இருந்தது மேனேஜரின் பெயர்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பெயர் மாறவில்லை.

"இது... அவங்களுக்கு ஞாபகம் இருக்கா?" சற்று முன்வரை இருந்த 'அவ' எங்கேயோ போயிருந்தது.

"நல்லாவே இருக்கு சார். 'என் தப்பையெல்லாம் எழுதிக்கோம்மா, இது ஒண்ணை மட்டும் அறிக்கையில சேர்த்துடாதே. நாலு பேர் படிச்சா தம்பிக்குத் தலைகுனிவாயிடும்'னு சொன்னாங்க."