வியாசர்பாடி எழிலரசி

"ஆவடின்னு மட்டும் சொல்லிடாதம்மா. வியாசர்பாடின்னு சொல்லு," என்றார் தினகரன், ஒலிவாங்கியை எழிலரசியின் உயரத்திற்குத் தாழ்த்தியபடி.

"நான் முத்தாபுதுப்பேட்டை சார், ஆவடிக்குப் பக்கத்துல. வியாசர்பாடிய ரயில்லேர்ந்துதான் பாத்துகீறேன்."

"அது போதும். ராப்னா வட சென்னைதான். அங்கதான் வலி கீது, கெத்து கீது. ஆவடியில இன்னா கீது? கம்பெனி பஸ்ஸும் ஃபிளாட்டும். அத யார் கேப்பா?"

தினகரனின் பாட்காஸ்ட்டில் ஒருமுறையேனும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஏங்காத ராப் பாடகர் அந்த வட்டாரத்தில் இல்லை. உட்கார்ந்தவர்களுக்கு மேடைகள் கிடைத்தன. திரைப்பட வாய்ப்புகளும் வந்தன. ஆனால், பூந்தமல்லியிலிருந்து வந்தவரும் மாங்காட்டிலிருந்து வந்தவரும் அந்த நாற்காலியை விட்டு எழுந்தபோது வட சென்னைக்காரர்களாகவே எழுந்தார்கள். இணங்க மறுத்தவன் ஜெகதீஷ் ஒருவன்தான். அம்பத்தூர் என்று அவன் சொல்லத் தொடங்கிய கணத்தில் அவனுடைய குரல் மட்டும் காணாமல் போயிற்று. நிகழ்ச்சி நேரலைதான், எனினும், விருந்தினரின் ஒலியை அடைக்கும் பொத்தான் தினகரனின் விரலுக்கடியில் இருந்தது.

இத்தனைக்கும் ஒலிப்பதிவுக்கூடம் இருந்ததோ பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள பாரிவாக்கத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். பின்சுவர் முழுவதும் மீன்பிடிப் படகுகளின் படத்தை ஒட்டியிருந்தார்கள். பக்கத்துச் சன்னலைத் திறந்தால் காலி மனைகளும் மேயும் மாடுகளும் தெரியுமென்பதால், அதைத் திறப்பதே இல்லை.

எழிலரசியின் பாடல்களுக்குத் தாளம் அமைக்கும் தோழி ஷர்மிளா, மடிக்கணினியோடு ஓரத்தில் அமர்ந்திருந்தாள். இம்முறை ஆவடியின் பெயர் அந்த நிகழ்ச்சியில் ஒலித்தே தீரும் என்று இருவரும் தெருவில் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். தெருவும் நம்பிக் காத்திருந்தது.

எழிலரசி சற்று யோசித்தாள்.

"சரி சார். என் வாயால ஆவடின்னு ஒரு தபா கூட சொல்ல மாட்டேன்."

ஷர்மிளா அவளைக் கையைப் பிடித்து வெளி நடைக்கு இழுத்துச் சென்றாள்.

"இன்னாடி, வெல பூட்டியா? தெருவே ஃபோனப் பாத்துகினு கீது. இந்த மூஞ்சியத் தூக்கிகினு எப்டி ஊட்டுக்குப் போவ?"

எழிலரசி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓரடித் தாளத்தைக் காலியாக விடும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள். இனி அவளோடு பேசுவதில்லை என்ற முடிவோடு ஷர்மிளா அதைச் செய்துகொடுத்தாள்.

நேரலை தொடங்கியது.

"வணக்கம் மக்களே, நான் உங்க தினகரன் கீது," என்றார் தினகரன். 'கீறேன்' என்று ஷர்மிளா மனத்துக்குள் திருத்திக்கொண்டாள். "இன்னிக்கி நம்மகூட யாருன்னா, வியாசர்பாடி எழிலரசி."

எழிலரசி கைகூப்பினாள். அவள் பார்த்திராத சந்துகளைப் பற்றியும் கண்டிராத சண்டைகளைப் பற்றியும் அவர் கேட்டார். கேள்வியிலேயே விடையையும் வைத்திருந்ததால், அவள் தலையசைத்தாலே போதுமாயிருந்தது. திரையின் ஓரத்தில் முத்தாபுதுப்பேட்டைக்காரர்களின் கருத்துகள் வந்து விழுந்தன. 'நம்ம பொண்ணே நம்மள வித்துட்டா' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஷர்மிளா அதற்கு மேல் படிக்கவில்லை.

பாட்டுக்கான நேரம் வந்தது. தினகரனும் உடன் பாட வேண்டும் என்று எழிலரசி கேட்டுக்கொண்டாள். கடினமாக ஒன்றுமில்லை, தாளம் காலியாக வரும் இடத்தில் அவர் வரியின் முதலெழுத்தை மட்டும் முழங்கித் தொடங்கிவைத்தால் போதும், மீதியை அவள் பிடித்துக்கொள்வாள்.

"நீங்க கத்துனாதான் சார் அந்த வட சென்னை கெத்து வரும்," என்றாள்.

தினகரனின் முகம் மலர்ந்தது. அவள் எழுதிக் காட்டிய மூன்று வரிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஆளப் பாத்து ஏரியா கேக்குற அண்ணாத்தே,
வலியப் பாத்து வெல போடுற அண்ணாத்தே,
டிக்கெட் எடுத்தா எல்லா ஊரும் ஒண்ணு அண்ணாத்தே!

தம்மைத்தான் பாடுகிறாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. முதற்சுற்றில் அமர்ந்தபடியே தொடங்கிவைத்தார். இரண்டாம் சுற்றில் எழுந்து நின்றார். மூன்றாம் சுற்றில், மேசையைக் குத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க முழங்கினார். நேரலையைப் பார்ப்போரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

ஓரத்தில் தலைகுனிந்திருந்த ஷர்மிளா சட்டென்று நிமிர்ந்தாள். தோழியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, யாரும் கேளாமலேயே, தாளத்தை விரைவாக்கினாள்.

நான்காம் சுற்றில் எழிலரசி ஒலிவாங்கியை விட்டு விலகி, வாயை மூடிக்கொண்டு நின்றாள். வரிகள் நின்றுவிட்டதைக் கவனிக்கும் நிலையில் தினகரன் இல்லை. அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்க, தம் பங்குக்குரிய எழுத்துகளை மட்டும் தாளம் தவறாமல் தனியாக முழங்கினார்:

"ஆ! வ! டி!"